ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் இயல்பாக ஒலிக்கும் குழந்தைப் பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலமும் ஜெர்மனும் தம் குழந்தையின் வாழ்வில் சேர்ந்தே இருக்கப்போகின்றன என்று அறிந்த பெற்றோருக்காக இக்கேள்விகள் தொகுக்கப்பட்டுள்ளன. தாய் ஒரு மொழியும் தந்தை மறுமொழியும் பேசும் வீடாக இருக்கலாம். ஒரு நாட்டில் பிறந்து மற்றொரு நாட்டில் பள்ளிக்குச் செல்லவிருக்கும் குழந்தையாகவும் இருக்கலாம். பெயர்கள் எல்லாம் தமிழ் எழுத்தில் தரப்பட்டிருப்பதால், ஒலிப்பு வேறுபடும் இடங்களில் எந்த எழுத்தால் அந்த வேறுபாடு வருகிறது என்பதும் உடன் சொல்லப்பட்டுள்ளது.

இரு மொழிகளுக்கும் பொருந்தும் பெயர் என்று எதைச் சொல்வது?

பெரும்பாலான பெற்றோர் முதலில் தேடுவது, இரு மொழிகளிலும் ஒரே மாதிரி எழுதப்பட்டு ஏறத்தாழ ஒரே மாதிரி ஒலிக்கும் பெயரைத்தான். மியா, எம்மா, எல்லா, நீனா, டிம், பென், ஃபின் போன்றவை அத்தகையவை. ஆனால் அந்தப் பட்டியல் சிறியது. பெரும்பாலும் ஓரசை, ஈரசைப் பெயர்களாகவே அமைந்தது. அதற்குள்ளேயே நின்று தேடுபவர்கள் விரைவில் சலித்துப்போய், மனத்துக்கு அவ்வளவாகப் பிடிக்காத ஒன்றுக்கு உடன்பட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது வகை, எழுத்துக்கூட்டல் ஒன்றாகவே இருந்து ஒலிப்பு மட்டும் சற்று மாறும் பெயர்கள். ஆங்கிலத்தில் டேனியல் என்று அழைக்கப்படும் சிறுவன் ஜெர்மனில் தானியேல் ஆவான். கேப்ரியல் என்பவன் காப்ரியேல் ஆவான். மார்ட்டின், ராபர்ட், ஆல்பர்ட், வேரா, நோரா, லிண்டா ஆகியவற்றில் மாற்றம் இன்னும் குறைவு. மூன்றாவது வகை, வேர் ஒன்றாக இருந்தும் வடிவம் பிரிந்துவிட்ட பெயர்கள்: வில்லியமும் வில்ஹெல்மும், ஹென்றியும் ஹைன்ரிஷும், ஜானும் யோஹன்னெஸும் அப்படிப் பிரிந்தவை.

இரண்டாவது வகையில்தான் நல்ல பெயர்கள் நிறைந்திருக்கின்றன என்பது இப்பக்கத்தின் கருத்து. ஒலிப்பு அச்சுப்பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பெயரின் முதல் மெய்யொலியும் அழுத்தம் விழும் அசையும் இரு மொழிகளிலும் மாறாமல் நின்றால், இடையிலுள்ள உயிரொலிகள் மாறினாலும் அது ஒரே பெயராகவே கேட்கும். கூட்டத்தில் யாரோ கூப்பிடும்போது குழந்தை திரும்பிப் பார்ப்பது பெரும்பாலும் அந்த முதல் ஒலிக்கும் அழுத்தத்துக்கும்தான். அலெக்சாண்டர், செபாஸ்டியன், விக்டோரியா, கேத்தரீனா, மரியா, பெஞ்சமின், ஃபீலிக்ஸ் ஆகிய பெயர்களை இந்த அளவுகோலால் அளந்து பார்த்தால், அவை ஏன் இரு பக்கங்களிலும் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருக்கின்றன என்பது விளங்கும். பெர்னார்ட் போன்ற பெயரில் இதற்கு நேர்மாறானதைக் காணலாம்: ஜெர்மானியர் முதல் அசையை அழுத்துகிறார்கள், அமெரிக்கர் இரண்டாம் அசையை அழுத்துகிறார்கள், எழுத்துக்கூட்டலிலும் ஜெர்மன் வடிவத்தில் நடுவே ஓர் எச் கூடுகிறது.

எந்த எழுத்துகளைக் கண்டால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

முதலில் ஜே. ஜெர்மனில் இந்த எழுத்துக்கு ‘ய’ ஒலி. ஜூலியா யூலியா ஆகிறாள். ஜேக்கப் யாகொப் ஆகிறான். ஜோனஸ் யோனாஸ் ஆகிறான். ஜாஸ்மின் யாஸ்மின் ஆகிறாள். ஆனால் ஜெனிஃபர், ஜெசிகா, ஜேசன் போல ஆங்கிலத்திலிருந்து வந்ததாக ஜெர்மானியர் உணரும் பெயர்களில் ‘ஜ’ ஒலியே நிற்கிறது. ஆகவே ஜே-யில் தொடங்கும் பெயரைப் படிக்கும் ஜெர்மானியர், அது எந்த வகையைச் சேர்ந்தது என்று முதலில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன அளவுகோலின்படி, முதல் மெய்யொலியே மாறிவிடும் இப்பெயர்கள் உண்மையில் இரண்டு பெயர்கள். ஜூலியா மிக அழகான பெயர், இரு நாடுகளிலும் நன்கு அறியப்பட்ட பெயரும்கூட. அதைத் தேர்வதில் தவறில்லை. ஆனால் மகள் ஒரு பாட்டிக்கு யூலியாவாகவும் மற்றொரு பாட்டிக்கு ஜூலியாவாகவும் இருப்பாள் என்பதை மனமார ஏற்றுக்கொண்டே தேர வேண்டும்.

அடுத்தது டபிள்யூ. தமிழில் இரண்டையும் ‘வ’ என்றே எழுதுவதால் இந்த வேறுபாடு நமக்குப் பெரிதாகத் தோன்றாது. ஆங்கிலேயர் செவிக்கோ அது தெளிவாகக் கேட்கும். ஆங்கிலத்தில் உதடுகளைக் குவித்துப் பிறக்கும் அந்த ஒலி, ஜெர்மனில் மேற்பல் கீழுதட்டைத் தொட்டுப் பிறக்கிறது. வால்டர், வாண்டா போன்ற பெயர்கள் இரு மொழிகளிலும் உண்டு என்றாலும் அவற்றின் தொடக்கம் ஒன்றல்ல.

வி என்னும் எழுத்து, பழைய ஜெர்மன் பெயர்களில் ‘ஃப’ ஆக ஒலிக்கிறது. ஃபோல்கர் என்ற ஆண்பெயர் வி-யில்தான் தொடங்குகிறது. லத்தீன் வழி வந்த விக்டர், வேரா, வாலன்டைன் போன்றவற்றில் ‘வ’ ஒலியே நிற்பதால் அவற்றில் சிக்கல் இல்லை. இடையில் அகப்பட்டுக்கொள்பவை சில: ஆங்கிலத்தின் ஈவா, ஜெர்மனில் பெரும்பாலும் ஏஃபா என்றும் சிலர் வாயில் ஏவா என்றும் வரும். டேவிட் என்பதும் தாஃபிட், தாவிட் என்று இரு விதமாகவும் கேட்கும்.

இசட் எழுத்து ஜெர்மனில் ‘ட்ஸ’ என்று ஒலிப்பதால் ஸாரா என்று இசட்-டில் தொடங்கும் பெயரை ஜெர்மானியர் ட்ஸாரா என்று படிக்கக்கூடும். எஸ் எழுத்து, உயிரெழுத்துக்கு முன் வரும்போது ஆங்கில இசட் போல அதிர்வுடன் ஒலிக்கும். ஆஸ்திரியாவிலும் தெற்கு ஜெர்மனியிலும் அந்த அதிர்வு பெரும்பாலும் இராது. சோஃபியா, சாமுவேல் போன்ற பெயர்களில் இது மிக மெல்லிய வேறுபாடு என்பதால் பெயரைக் கைவிடும் அளவுக்கு இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. எஸ்-சும் டி-யும் சேர்ந்து பெயரின் தொடக்கத்தில் வந்தால் ஜெர்மனில் ‘ஷ்ட’ என்றாகும். ஸ்டீஃபனின் உறவுப்பெயரான ஷ்டெஃபான் அதற்குச் சான்று.

டி-யும் எச்-சும் சேர்ந்த கூட்டெழுத்து தனிக் கவனம் கோருகிறது. ஆங்கிலத்தில் நாக்கு நுனி பற்களைத் தொட்டுப் பிறக்கும் அந்த ஒலி ஜெர்மனில் கிடையாது. தாமஸ் என்ற பெயரில் ஆங்கிலேயரும் வெறும் ‘ட’ ஒலியையே பயன்படுத்துவதால் அது இரு பக்கமும் ஒத்துப்போகிறது. ரூத், ஜூடித், ஆர்தர், மார்த்தா ஆகியவை ஜெர்மனிலும் பழகிய பெயர்கள். அங்கே அவற்றை ‘ட’ ஒலியோடு சொல்வார்கள். ஹெதர், பெத்தனி, கீத் போன்றவை ஜெர்மனுக்குப் பழக்கமில்லாதவை என்பதால், ‘ஸ’ போன்ற ஒலியோடு தடுமாறி வரும்.

எதிர்த்திசையில், ஆங்கிலேயர் நாக்குக்கு எட்டாதது சி-யும் எச்-சும் சேர்ந்த ஜெர்மன் ஒலி. யோவாகிம், உல்ரிஷ், ஃபிரீட்ரிஷ் ஆகிய பெயர்களில் அது வருகிறது. ஆர் எழுத்தின் ஒலியும் இரு மொழிகளிலும் வெவ்வேறுதான். ஆனால் அதற்காக எந்தப் பெயரையும் யாரும் ஒதுக்க வேண்டியதில்லை.

உயிரெழுத்துகள் மாறுவதால் பெயரே மாறிவிட்டதாகத் தோன்றும் இடங்கள் எவை?

எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருப்பதை நம்பி ஏமாறும் இடம் இது. லியோ ஜெர்மனில் லேயோ, லீயா லேயா, ஐடா ஈடா, ஹியூகோ ஹூகோ, இலையஸ் எலீயாஸ், சைமன் ஸீமோன். ஏயு (au) என்ற இரட்டை உயிர் வரும் பெயர்களில் இடைவெளி இன்னும் கூடுகிறது: லோரா லௌரா ஆகிறாள், போல் பௌல் ஆகிறான். மைக்கேல் ஜெர்மனில் மிஹாயேல் ஆகும்போது உயிரும் மெய்யும் இரண்டுமே மாறிவிடுகின்றன.

இவற்றுள் லியோ, ஹியூகோ போன்றவற்றில் முதல் மெய்யும் அழுத்தமும் அப்படியே நிற்பதால் பெயர் பிழைத்துக்கொள்கிறது. ஐடா–ஈடா போல உயிரெழுத்தில் தொடங்கும் குறும்பெயர்களில் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லாததால், மாற்றம் கூர்மையாகத் தெரிகிறது. பெயர் நீளமாக இருந்தால் ஓர் உயிர் மாறினாலும் மற்ற அசைகள் அடையாளத்தைக் காப்பாற்றும். பெயர் குறுகக் குறுக ஒவ்வொரு ஒலியின் மதிப்பும் கூடும். குறுகிய பெயர்தான் எளிது என்ற பொதுவான அறிவுரையை இந்தக் காரணத்தால் முழுமையாக ஏற்க முடியவில்லை.

பெயரின் கடைசியில் வரும் ‘ஈ’ (e) எழுத்தைப் பற்றி ஏன் எச்சரிக்கிறார்கள்?

ஆங்கிலத்தில் சொல்லின் கடைசியில் வரும் அந்த எழுத்து பெரும்பாலும் வாய்க்கு வராது. ஜெர்மனில் அது மெல்லிய ‘எ’ ஆக ஒலிக்கும். ஷார்லட் ஜெர்மனில் ஷார்லொட்டெ என மூன்றசைப் பெயராகிறது. ஆன் அன்னெ ஆகிறது. கேரலைன் காரொலீனெ ஆகிறது. நடிகை மார்லேனெ டீட்ரிஷின் முதற்பெயர், மரி, மக்டலேனெ என்ற இரு பெயர்களைச் சேர்த்து உருவானது. ஆங்கிலத்தில் அது மார்லீன் என்று கடைசி உயிர் இல்லாமலும் வழங்குகிறது. இரண்டு வடிவங்களும் காதுக்கு இனியவையாக இருப்பதால், இந்த வகையைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம்.

ஆனால் லூக், ஜேட், மைக் போன்ற ஓரசை ஆங்கிலப் பெயர்களில் இதே எழுத்து தொல்லை தரும். அறியாத ஒருவர் லூக் என்பதை லூகெ என்று படிப்பார். மைக் என்ற ஒலியை விரும்பிய ஜெர்மன் பெற்றோர், இந்தத் தொல்லையைத் தவிர்க்க ஏ, ஐ, கே எழுத்துகளைக் கொண்டு ஜெர்மன் முறைப்படியே அதை எழுதத் தொடங்கி, அது தனிப்பெயராகவே நிலைத்துவிட்டது. அந்த எழுத்துக்கூட்டல் ஆங்கிலேயருக்கு விளங்காது.

மேரி என்பதன் பிரெஞ்சு வடிவமான மரீ, சோஃபி ஆகிய இரண்டிலும் கடைசியில் ‘ஐ’ (i), ‘ஈ’ (e) எழுத்துகள் சேர்ந்து வருவதால் ஜெர்மனிலும் நெடில் ‘ஈ’ ஒலியே கிடைக்கிறது. அவற்றுக்கு இந்த எச்சரிக்கை பொருந்தாது.

இரண்டு விதமாக அழைக்கப்படுவதால் குழந்தைக்குக் குழப்பம் வருமா?

வராது. இருமொழி வீட்டில் வளரும் குழந்தை, யாரிடம் எந்த மொழி என்பதைச் சின்ன வயதிலேயே பிரித்தறிந்துகொள்கிறது. தன் பெயரின் இரு வடிவங்களையும் அந்தந்த மொழியின் பகுதியாகவே ஏற்றுக்கொள்கிறது. தந்தை டேனியல் என்பதும் தாய் தானியேல் என்பதும் குழந்தைக்குப் புதிராகத் தோன்றுவதில்லை. ஜெர்மனியின் முன்னாள் பிரதமர் மெர்க்கெலின் முதற்பெயர் ஜெர்மனில் ஆங்கெலா; உலகின் ஆங்கிலச் செய்திகளில் அது பெரும்பாலும் ஆஞ்சலா என்றே வாசிக்கப்பட்டது; அவர் யார் என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. பெற்றோரில் ஒருவர், மற்றவருடைய மொழியின் ஒலிப்பைத் தவறு என்று குழந்தையின் முன்னால் திருத்திக்கொண்டே இருந்தால், தன் பெயரின் ஒரு பாதி குறைபாடுடையது என்ற எண்ணம் குழந்தைக்கு வந்துவிடும். இரண்டு ஒலிப்புகளையும் சரியானவையாக ஏற்க முடியாது என்று பெற்றோரில் ஒருவருக்காவது தோன்றினால், அந்தப் பெயரைப் பிறப்புக்கு முன்பே விட்டுவிடுவது நல்லது.

எந்த நாட்டின் எழுத்துக்கூட்டலைத் தேர்வது?

சி-யா கே-யா என்பதே அடிக்கடி எழும் ஐயம்: கிளாரா, ஆஸ்கர், லூகாஸ், எரிக், விக்டர், ஜேக்கப் எல்லாவற்றிலும் ஆங்கிலம் சி-யையும் ஜெர்மன் கே-யையும் நாடும். சோஃபியாவில் பி-எச் கூட்டா, எஃப் எழுத்தா. ஃபிலிப்பில் கடைசிப் பி ஒன்றா இரண்டா. ஹன்னாவின் ஈற்றில் எச் உண்டா இல்லையா என்பவையும் இத்தகையவையே. இவற்றுள் எதைத் தேர்ந்தாலும் மறுநாட்டில் படிக்கத் தடை இருக்காது. கே-யில் எழுதிய ஆஸ்கரை லண்டனிலும் சி-யில் எழுதிய கிளாராவை பெர்லினிலும் எல்லோரும் சரியாகவே படிப்பார்கள். அடிக்கடி எழுத்துகளைச் சொல்லிக்காட்ட வேண்டிய சிறு சிரமம் எங்கே ஏற்படும் என்பதுதான் கேள்வி. குழந்தை பள்ளிக்குச் செல்லவிருக்கும் நாட்டின் வழக்கைப் பின்பற்றுவது அந்தச் சிரமத்தைக் குறைக்கும்.

மேலே இரட்டைப் புள்ளி பெறும் ஜெர்மன் எழுத்துகளின் நிலை வேறு. யோர்க், யூர்கன், கேத்தெ போன்ற பெயர்களில் வரும் இவ்வெழுத்துகள், கடவுச்சீட்டின் அடியில் கணினி படிப்பதற்காக அச்சிடப்படும் இரு வரிகளில் ஏ-ஈ, ஓ-ஈ, யூ-ஈ என்று விரிந்துவிடுகின்றன. ஆங்கில நாடுகளின் படிவங்கள் பெரும்பாலும் புள்ளிகளை மட்டும் நீக்கிவிட்டு எழுத்தை அப்படியே விடுகின்றன. அதனால் ஒரே குழந்தையின் பெயர் புள்ளியுடன் ஒன்று, விரித்து எழுதியது ஒன்று, புள்ளியின்றி ஒன்று என மூன்று வடிவங்களில் உலவத் தொடங்கும். விமானச் சீட்டும் கடவுச்சீட்டும் ஒத்துப்போக வேண்டிய இடத்தில் ஒவ்வொரு முறையும் விளக்கம் தர நேரிடும். அமெரிக்காவில் சில மாநிலங்கள் பிறப்புச் சான்றிதழில் இத்தகைய குறிகளை ஏற்பதே இல்லை. இரு மொழிகளிலும் வாழவிருக்கும் குழந்தைக்கு இரட்டைப் புள்ளி எழுத்துள்ள பெயரைத் தவிர்க்குமாறு இங்கே தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறோம்.

ஒரு மொழியில் நல்ல பெயர், மறுமொழியில் கேலிக்கு இடமாகுமா?

ஆகக்கூடும். ஆங்கிலத்தில் பனிமூட்டத்தை நினைவூட்டும் மிஸ்டி என்ற பெயர், ஜெர்மனில் சாணத்தையும் குப்பையையும் குறிக்கும் சொல்லோடு தொடங்குகிறது. ரிச்சர்டின் பழைய சுருக்கமான டிக், ஜெர்மனில் பருமனானவர் என்று பொருள்படும். ஆங்கிலத்திலேயே அதற்கு இன்று கொச்சைப் பொருள் உண்டு. ஜெர்மன் பக்கத்திலிருந்து வரும் ஃபேனி பிரிட்டனில் உடலுறுப்பைச் சுட்டும் கொச்சைச் சொல். டோர்ட்டெ என்ற வட ஜெர்மன் பெண்பெயர் ஆங்கிலக் காதில் அழுக்கு என்ற சொல்லை நினைவூட்டும். ஹோர்ஸ்ட் என்ற ஆண்பெயர் ஜெர்மனியிலேயே பேச்சுவழக்கில் அசடனைக் குறிக்கப் பயன்படுகிறது.

இத்தகைய பெயர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அகராதிகள் கொச்சைப் பொருளை எப்போதும் சொல்வதில்லை என்பதால், அந்தந்த நாட்டில் பள்ளிப்பருவத்தைக் கழித்த ஒருவரிடம் கேட்டுவிடுவதே பாதுகாப்பான வழி.

ஒரே பெயர் ஒரு நாட்டில் ஆணுக்கும் மறுநாட்டில் பெண்ணுக்கும் வழங்குமா?

வழங்கும். ஜெர்மனில் யான் என்பது ஆண்பெயர். அதே மூன்று எழுத்துகள் ஆங்கிலத்தில் ஜானட் போன்ற பெயர்களின் சுருக்கமாகப் பெண்ணுக்கு வழங்குகின்றன. காய் என்பது ஜெர்மனியில் ஆண். ஒய்-யில் முடியும் கே என்பது ஆங்கிலத்தில் பெரும்பாலும் பெண். சாஷா ஜெர்மனியில் வழக்கமாக ஆண். ஆங்கில நாடுகளில் இருபாலாருக்கும் உண்டு. ஆண்ட்ரியா இரு மொழிகளிலும் பெண்ணுக்கே உரியது என்பதால் இங்கே தொல்லை இல்லை. இத்தாலியில்தான் அது ஆண்பெயர். ராபின், கிம் ஆகியவை இரு மொழிகளிலும் இருபாலாருக்கும் வழங்குகின்றன.

பெயர் குழந்தையின் பாலினத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்று ஜெர்மன் பெயர்ப் பதிவு அலுவலகங்கள் நெடுங்காலம் வலியுறுத்திவந்தன. தம் மகளுக்குக் கிரண் என்று பெயரிட விரும்பிய பெற்றோரை அலுவலகம் மறுத்த வழக்கில், 2008 டிசம்பரில் ஜெர்மன் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. பெயர் பாலினத்தைக் காட்ட வேண்டும் என்பதற்குத் தனிக் கட்டாயம் இல்லை; குழந்தையின் நலனுக்கு ஊறு நேராமல் இருப்பதே எல்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இந்தியக் குடும்பங்களில் இருபாலாருக்கும் வழங்கும் ஒரு பெயரால் இந்தத் தெளிவு பிறந்தது என்பது தமிழ் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

ஆங்கிலப் பெயரை ஜெர்மனியில் இழிவாகப் பார்ப்பார்கள் என்பது உண்மையா?

எல்லா ஆங்கிலப் பெயர்களையும் அல்ல. ஹென்றி, எமிலி, லியாம் போன்றவை இன்று ஜெர்மனியில் எந்தத் தயக்கமும் இன்றி வழங்குகின்றன. 2022-ல் நோவா என்ற பெயர், ஜெர்மனியிலும் இங்கிலாந்து–வேல்ஸ் பகுதியிலும் ஆண்குழந்தைப் பெயர்களின் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது.

ஆனால் சில பெயர்களின் மேல் வர்க்கச் சாயம் படிந்துவிட்டது. கெவின் என்ற பெயர் 1991-ல் ஜெர்மனியில் ஆண்குழந்தைப் பெயர்களில் முதலிடம் பெற்றது; அதே பெயர் பின்னர் படிப்பில்லாத ஏழைக் குடும்பங்களின் அடையாளமாகக் கேலி செய்யப்பட்டது. 2009-ல் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் நடந்த ஓர் ஆய்வு, கெவின், ஷன்டால், ஜஸ்டின், மேண்டி போன்ற பெயர்களை ஆசிரியர்கள் மந்தமான படிப்போடும் அடங்காத நடத்தையோடும் தொடர்புபடுத்துவதை வெளிக்கொணர்ந்தது. குழந்தை வாய் திறப்பதற்கு முன்பே அதன் பெயரை வைத்து எடைபோடுவது பெரிய அநீதி. அந்த அநீதியைப் பெற்றோர் தனியாக ஒழித்துவிட முடியாது என்பதால்தான் இதை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கில நாடுகளில் கெவினுக்கு இந்தச் சாயம் இதே அளவில் கிடையாது. ஆகவே பெயரை ஒரு நாட்டின் பழக்கத்தை மட்டும் வைத்து மதிப்பிடக் கூடாது.

மறுபக்கத்தில், ஃபிரிட்ஸ் என்பது இரு உலகப் போர்களின்போது பிரிட்டிஷ் வீரர்கள் ஜெர்மானியரைச் சுட்டிய கேலிப்பெயர். அதன் நிழல் ஆங்கில நாடுகளில் இன்னும் முழுமையாக மறையவில்லை.

தாத்தாவின் பழைய ஜெர்மன் பெயரை வைக்க விரும்பினால் என்ன செய்யலாம்?

அதே வேரிலிருந்து வந்த ஆங்கில வடிவத்தைத் தேடலாம். ஹாலெ நகரில் 1685-ல் பிறந்த இசையமைப்பாளர் கெயோர்க் ஃபிரீட்ரிஷ் ஹெண்டல், 1727-ல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்று, அங்கே ஜார்ஜ் என்றே வழங்கினார். ஹனோவரில் 1738-ல் பிறந்த வானியலாளர் ஹெர்ஷெல், வில்ஹெல்ம் என்ற பெயரை இங்கிலாந்தில் வில்லியம் ஆக்கிக்கொண்டார். ஃபியுர்த் நகரில் 1923-ல் ஹைன்ஸ் என்று பிறந்தவர் அமெரிக்காவில் ஹென்றி கிஸிஞ்சர் ஆனார். ஊர் மாறியபின் அவர்கள் செய்துகொண்ட மாற்றத்தை இன்றைய பெற்றோர் முன்கூட்டியே செய்துவிடலாம்: ஹைன்ரிஷ் தாத்தாவை நினைந்து பேரனுக்கு ஹென்றி என்றும், யோஹன்னா பாட்டியை நினைந்து பேத்திக்கு ஹன்னா என்றும் பெயரிடுவது நன்றாகவே அமையும். பழைய வடிவத்தை அப்படியே காக்க வேண்டுமானால் அதை இரண்டாம் பெயராக வைக்கலாம்.

இரண்டாம் பெயர் இரு நாடுகளிலும் ஒரே பொருளில் வழங்குகிறதா?

இல்லை. ஆங்கில நாடுகளில் நடுப்பெயர் தனி இடம் உடையது. அன்றாட வாழ்வில் முதலெழுத்தாகச் சுருங்கிவிடும், அல்லது காணாமலே போகும். ஜெர்மன் சட்டத்தில் நடுப்பெயர் என்ற தனிவகை கிடையாது. பதிவான எல்லா முதற்பெயர்களும் சமமானவை. 2018 நவம்பர் 1 முதல், பதிவான முதற்பெயர்களின் வரிசையை அறிவிப்பொன்றின் மூலம் மாற்றிக்கொள்ளவும் முடிகிறது.

அன்னா-லேனா போன்று இணைப்புக்கோடு இட்ட பெயர் ஜெர்மனியில் ஒரே பெயராகக் கருதப்படும். ஆங்கிலப் படிவங்களில் அந்தக் கோடு மறைந்து, லேனா நடுப்பெயராகிவிடக்கூடும். கோடு இல்லாத இரு தனிப்பெயர்களே இரு நாடுகளிலும் பழுதின்றி நிற்கும்.

இரு பெயர்களில் ஒன்றை ஒரு மொழிக்கும் மற்றதை மறுமொழிக்கும் என்று ஒதுக்கலாமா எனச் சிலர் கேட்கிறார்கள். எழுத்தளவில் அது நியாயமாகத் தோன்றினாலும், நாள்தோறும் வாயில் வழங்குவது ஒரு பெயர்தான். மற்றது சான்றிதழிலேயே உறங்கும்.

பெயர் பதிவில் எந்தச் சட்டங்களைக் கவனிக்க வேண்டும்?

ஜெர்மனியில் ஸ்டாண்டெஸ்ஆம்ட் எனப்படும் குடிசார் பதிவு அலுவலகத்தில் பிறப்பை ஒரு வாரத்துக்குள் அறிவிக்க வேண்டும். அதற்குள் பெயர் முடிவாகாவிட்டால் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்கலாம். அங்கே ஏற்கப்பட்ட பெயர்களின் கட்டாயப் பட்டியல் என்று எதுவும் இல்லை. குழந்தையை ஏளனத்துக்கு ஆளாக்கும் பெயரையும், பெயராகவே கொள்ள முடியாததையும் அலுவலர் மறுக்கலாம். குடும்பப் பெயராக மட்டுமே அறியப்பட்ட ஒன்றை முதற்பெயராக வைக்கும் ஆங்கில வழக்கம் அங்கே கேள்விக்கு உள்ளாகலாம். மறுக்கப்பட்டால் நீதிமன்றத்தை நாடலாம். ஐயத்துக்கிடமான பெயர்களுக்கு, வீஸ்பாடன் நகரிலுள்ள ஜெர்மன் மொழிக் கழகம் கட்டணம் பெற்றுக்கொண்டு கருத்துரை வழங்குகிறது. மகனுக்குப் பன்னிரண்டு முதற்பெயர்கள் சூட்ட விரும்பிய ஒரு தாயின் வழக்கில், ஐந்துக்கு மேல் கூடாது என்ற கீழ் நீதிமன்றங்களின் முடிவை அரசமைப்பு நீதிமன்றம் 2004-ல் நிற்கவிட்டது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பைப் பதிய 42 நாட்கள் அவகாசம் உண்டு. ஸ்காட்லாந்தில் 21 நாட்கள். அங்கே பெயர்த் தேர்வில் தலையீடு மிகக் குறைவு. அமெரிக்காவில் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

இரண்டு குடியுரிமைகள் பெறவிருக்கும் குழந்தையானால், கண்டிப்பான விதியுள்ள நாட்டை மனத்தில் வைத்துப் பெயரைத் தேர்ந்து, இரு நாட்டு ஆவணங்களிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக, ஒரே வரிசையில் பதிவாகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் காட்டும் கவனம் பின்னால் பெரிய அலைச்சலைத் தவிர்க்கும்.

செல்லப்பெயரால் சிக்கலைத் தீர்க்க முடியுமா?

பெருமளவு முடியும். எலிசபெத் என்ற பெயரில் ஆங்கிலம் இசட்-டையும் ஜெர்மன் எஸ்-சையும் எழுதினாலும், லீசா, எல்லா, பெட்டி ஆகிய சுருக்கங்கள் இரு பக்கமும் நன்றாக ஒலிக்கின்றன. அலெக்சாண்டருக்கு அலெக்ஸ், மாக்சிமிலியனுக்கு மாக்ஸ், பெனடிக்டுக்கு பென், யோஹன்னாவுக்கு ஹன்னா என்று வழி கிடைக்கிறது. நீண்ட, மரபான ஒரு பெயரைப் பதிவு செய்து, இரு மொழிகளுக்கும் உரிய குறும்பெயரால் வீட்டில் அழைப்பது, வளர்ந்தபின் எந்த வடிவத்தை முன்னிறுத்துவது என்ற உரிமையைக் குழந்தையிடமே விட்டுவைக்கிறது. இப்பக்கம் பெரிதும் விரும்பிப் பரிந்துரைக்கும் முறை இதுவே.

முடிவெடுப்பதற்கு முன் பெயரை எப்படிச் சோதிப்பது?

பெயரை ஒரு தாளில் எழுதி, அதைக் காதால் கேட்டிராத ஓர் ஆங்கிலேயரிடமும் ஒரு ஜெர்மானியரிடமும் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். முதலில் ஒலித்துக் காட்டிவிட்டுக் கருத்துக் கேட்பதில் பயனில்லை. பள்ளியில் வருகைப்பதிவு எடுக்கும் ஆசிரியர் எழுத்தைத்தான் பார்ப்பார். பிறகு எதிர்முறையில், பெயரைச் சொல்லி எழுதச் சொல்ல வேண்டும். படித்ததையும் எழுதியதையும் ஏற்க முடிகிறதா என்பதைப் பெற்றோர் இருவரும் தனித்தனியே சிந்திக்க வேண்டும்.

குடும்பப் பெயரோடு சேர்த்துப் படிக்கச் சொல்வதும் தேவை. முதற்பெயர் இரு மொழிகளிலும் ஒத்திருந்தாலும், டபிள்யூ-விலோ ஜே-யிலோ தொடங்கும் குடும்பப் பெயர் வாசிப்பவரை ஒரு மொழியின் பக்கம் இழுத்து, முதற்பெயரையும் அம்மொழியிலேயே ஒலிக்கச் செய்துவிடும்.

பதிவு செய்தபின் பெயரை மாற்ற முடியுமா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும், பதிவு செய்து 12 மாதங்களுக்குள் முதற்பெயர் மாற்றத்தைப் பிறப்புப் பதிவிலேயே சேர்க்க வழியுண்டு. அதற்குப் பின்னரும் பெயர்மாற்றப் பத்திரத்தின் மூலம் பயன்பாட்டுப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். ஜெர்மனியில் 1938-ஆம் ஆண்டுப் பெயர்மாற்றச் சட்டத்தின்படி முக்கியமான காரணம் காட்டியாக வேண்டும். பிடிக்கவில்லை என்பது மட்டும் போதாது. வெளிநாட்டுச் சட்டப்படி பெயர் பெற்று, பின்னர் ஜெர்மன் சட்டத்தின் கீழ் வருபவர்கள் மட்டும் தம் முதற்பெயரின் ஜெர்மன் வடிவத்தை ஓர் அறிவிப்பின் மூலம் ஏற்கலாம். சி-யில் எழுதிய ஜேக்கப், கே-யில் எழுதும் யாகொப் ஆக மாற அங்கே இடமிருக்கிறது. ஆகவே ஜெர்மனியில் பிறக்கவிருக்கும் குழந்தையின் பெற்றோர், பிரசவத்துக்கு முன்பே இரண்டு பெயர்களையாவது எழுத்துக்கூட்டலோடு முடிவுசெய்து வைத்திருப்பது நல்லது. பதிவுக்கான அந்த ஒரு வார காலத்தில் நிதானமாக யோசிக்க நேரம் கிடைக்காது.